லொறிக்காரன் மேல் பிழையில்லை

வாப்பா லீவில் வரும் நாளில் எங்கள் வீட்டில் பெட்டி திறப்பதற்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. வந்தவர் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழும்ப வேண்டும். வாப்பும்மா வந்து கதிரையில் உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் பெட்டியின் கயிறு அறுக்கப்படும். 1995 டிசம்பரில் அப்படி அறுக்கப்பட்ட பெட்டியில் வழக்கமான சாமான்கள் எல்லாம் இருந்தன. கம்பளி, பால்மா டின், டேங் டின், அத்தர், உம்மாவுக்குச் சேலைத் துணி. எல்லாவற்றுக்கும் அடியில், துவாயில் சுற்றிய ஒரு பெட்டி. அதைக் கண்டதும் தம்பி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்துவிட்டார்.

அது ஒரு டீ.வி. கேம். சிவப்பும் வெள்ளையுமான மெஷின், வயரோடு இரண்டு கைப்பிடிகள், வாத்துச் சுடும் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, மஞ்சள் நிறக் கெசட் ஒன்று. கெசட்டில் ஒன்பது என்ற இலக்கத்தை வரிசையாக அச்சடித்து அத்தனை விளையாட்டு இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். போட்டுப் பார்த்தால் ஏழெட்டு விளையாட்டுத்தான் திரும்பத் திரும்ப வேறு வேறு பெயரில் வந்தது. இப்போது நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பலருக்கு இந்த ஏமாற்று ஞாபகமிருக்கும். உண்மையில் அது ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபெமிகொம் என்ற மெஷினைப் பார்த்துச் செய்த நகல். அசலை எங்களூரில் யாரும் கண்டதில்லை.

அந்த ஏழெட்டில் எங்கள் வீட்டைப் பிடித்துக்கொண்டது ஒரு கார் விளையாட்டு. பெயர் ரோட் ஃபைட்டர். "றோட்டுல சண்டை பிடிக்கிறவனா? இதையா புள்ளைகளுக்குக் கொண்டு வந்த?" என்று உம்மா கேட்டது இன்றைக்கும் எங்கள் வீட்டில் பகிடி.

சண்டை ஒன்றும் இல்லை. டீ.வி.யின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வீதி ஓடும். ஆகாயத்திலிருந்து பார்ப்பதுபோல் தெரியும். கீழே எங்களுடைய சிவப்புக் கார். எதிரே போகும் வாகனங்களில் முட்டாமலும், வீதியோரத்தில் மோதாமலும், வீதியில் சிந்திக் கிடக்கும் எண்ணெயில் வழுக்காமலும் போய் எல்லைக்கோட்டைத் தொட வேண்டும். அவ்வளவுதான். பந்தயம் என்பார்களே தவிர முந்த வேண்டிய போட்டிக்காரன் என்று ஒருவனும் இல்லை. மற்ற வாகனங்களுக்கு எங்களைப் பற்றி அக்கறையும் இல்லை. மஞ்சள் கார் தன் பாட்டில் நேரே போகும். வேறு சில கார்கள் கிட்டப் போனதும் குறுக்கே நழுவும். அவைதான் பொல்லாதவை. லொறி மட்டும் மெதுவாக, நேராக, அசையாமல் போகும். ஆனால் காரில் உரசினால் வழுக்கித்தான் போவோம். லொறியில் பட்டால் வெடிப்புத்தான்.

கைப்பிடியில் இரண்டு பட்டன்கள். ஒன்றை அழுத்தினால் கார் பாதி வேகத்தில் போகும். மற்றதை அழுத்தினால் 400 கிலோமீற்றர் வேகம் வரை ஏறும். பாட்டு, இசை எதுவும் கிடையாது. என்ஜினின் ஒரே இரைச்சல். "ஈ கத்துற மாதிரி" என்பார் உம்மா.

முக்கியமான விடயம் பெற்றோல். திரையின் ஓரத்தில் ஓர் எண் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே வரும். இந்த விளையாட்டைச் செய்தவர்களின் கெட்டித்தனம் இதில்தான் இருக்கிறது. மெதுவாக ஓட்டினால் பெற்றோல் மிஞ்சும் என்பது எமக்குத் தெரிந்த உலக வழக்கம். இங்கே அப்படியில்லை. அது பெற்றோல் என்று எழுதப்பட்ட நேரம். பொறுமையாகப் போகிறவனுக்கு எல்லைக்கோடு வருமுன்பே அது தீர்ந்து போகும். வேகமாகப் போகிறவன் மோதுவான். மோதினால் கொஞ்சம் பெற்றோல் பறிபோகும். இடையிடையே பல நிறத்தில் மினுங்கிக்கொண்டு ஒரு கார் வரும். அதைத் தொட்டால் மட்டும் கொஞ்சம் பெற்றோல் கிடைக்கும். நீண்ட நேரம் எதிலும் மோதாமல் போனால் வீதியோரமாக மேலங்கி பறக்க ஒருவன் பறந்து போவான். தம்பி அவனை சுப்பர்மேன் என்றான். இந்த விளையாட்டைச் செய்த கொனாமி நிறுவனம் தன் பெயரிலேயே உருவாக்கிய கொனாமிமேன்தான் அவன் என்பது எனக்குத் தெரிய இருபது வருடம் சென்றது.

கொனாமி 1969இல் ஜப்பானின் ஒஸாகாவில் தொடங்கியபோது செய்த தொழில், காசு போட்டால் பாட்டுப் படிக்கும் பெட்டிகளைத் திருத்துவதும் வாடகைக்கு விடுவதும். பிறகு விளையாட்டு மெஷின்களுக்கு மாறினார்கள். ரோட் ஃபைட்டர் 1984இல் முதலில் வந்தது கடைகளில் காசு போட்டு விளையாடும் பெரிய மெஷினாக. அடுத்த வருடமே எம்.எஸ்.எக்ஸ். என்ற வீட்டுக் கணினிக்கும் ஃபெமிகொமுக்கும் வந்துவிட்டது. ஐரோப்பாவில் நின்டென்டோ மெஷினுக்காக விற்கப்பட்டது 1992இல். அதாவது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வந்து மூன்று வருடத்தில் எங்களுக்கும் வந்துவிட்டது, நகலாக என்றாலும்.

வாப்பா இதை முன்பே பார்த்திருக்கிறார் என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியம். அவர் சவூதியில் லொறி ஓட்டினார். தம்மாமில் சாமான் ஏற்றி ரியாத்தில் இறக்குவது வேலை. அவருடைய கபீலின் வீட்டில் 'ஸக்ர்' என்ற கணினி இருந்ததாம். குவைத்தின் அல்-ஆலமிய்யா நிறுவனம் எம்.எஸ்.எக்ஸ். கணினியை அரபு எழுத்தில் இயங்கும்படி செய்து எண்பதுகளில் அரபு நாடுகளில் விற்றது, அதுதான் ஸக்ர். கபீலின் பிள்ளைகள் அதில் இதே சிவப்புக் காரை ஓட்டுவதைச் சாமான் இறக்கப் போன இடத்தில் ஜன்னலால் பார்த்திருக்கிறார். "அதுல பாதை இப்படி வழுக்கிக்கொண்டு வராது. விட்டு விட்டுத்தான் வரும். எங்கட பாதைதான் நல்லம்" என்று அவர் சொன்னபோது தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கு அப்போது பதினான்கு வயது. தம்பிக்குப் பத்து. கைப்பிடி இரண்டிருந்தும் எனக்கு முறை கிடைக்கவில்லை. "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்குக் கார்" என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னதைத் தம்பி சட்டமாக எடுத்துக்கொண்டான். அவன் ஓதப் போகும் பின்னேரங்களில் நான் விளையாடினேன். நாலு பாதைகளையும் முதலில் முடித்தது நான்தான். இதை எழுதும்போதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாதம் வந்து போகும் ஒருவரோடு பிள்ளைகளுக்கு என்ன பேச்சு இருக்கும்? பாடசாலையில் எத்தனையாம் பிள்ளை என்று அவர் கேட்பார். நாங்கள் சொல்வோம். பிறகு மௌனம். டீ.வி. கேம் வந்த பிறகுதான் அவர் எங்களோடு பாயில் உட்கார்ந்தார். அவர் வாகனம் ஓட்டுவதை நாங்கள் ஒருவரும் கண்டதில்லை. எங்களிடம் வாகனம் இல்லை. பதினாறு வருடம் அவரோடு வாழ்ந்த உம்மாகூட அவர் பிடித்த ஸ்டியரிங்கின் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. ஆகவே வாப்பா கைப்பிடியை எடுத்தபோது உம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றார். அவர் எதைப் பார்க்க வந்தார் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

வாப்பா பாதி வேகப் பட்டனை மட்டும் அழுத்தினார். மற்றதைத் தொடவே இல்லை. முன்னால் கார் வந்தால் பின்னாலேயே போனார். ஒன்றிலும் முட்டவில்லை. பாதி வழியில் பெற்றோல் முடிந்து கார் நின்றுவிட்டது. திரும்பத் தொடங்கினார். திரும்பவும் அப்படியே. தம்பி தரையில் உருண்டு சிரித்தான். "வாப்பா லொறி ஓட்டுறதா, மாட்டு வண்டி ஓட்டுறதா?" என்று கேட்டான். நானும் சிரித்தேன். வாப்பாவும் சிரித்தார்.

ஆனால் ஒரு விடயத்தில் எங்கள் இருவராலும் அவரை வெல்ல முடியவில்லை. வேறு காரில் இலேசாக உரசினால் எங்கள் கார் பக்கவாட்டில் வழுக்கும். அந்த ஒரு நொடியில் கைப்பிடியைச் சரியான பக்கம் தட்டினால் நிமிர்ந்துவிடும். இல்லாவிட்டால் ஓரத்தில் மோதி வெடிக்கும். தம்பி பயத்தில் கண்டபடி அழுத்துவான். வாப்பா வேண்டுமென்றே உரசி, வழுக்க விட்டு, ஒரு தட்டில் நிமிர்த்திக் காட்டினார். பத்துத் தடவை செய்தால் ஒன்பது தடவை நிமிரும். "மணல் றோட்டுல இப்படித்தான் மகன். கை பதறப் படாது" என்றார். அப்போது அவர் முகத்தில் இருந்த பார்வை நாங்கள் அதற்கு முன் காணாதது. வேலையில் இருக்கும் வாப்பாவை நாங்கள் முதன்முதலாகக் கண்டோம்.

லீவு முடிய மூன்று வாரம் இருக்கும்போது அது நடந்தது. தம்பி முழு வேகத்தில் போய் ஒரு லொறியின் பின்னால் அடித்து வெடித்தான். "சே! லொறிக்காரன் குறுக்கால வந்துட்டான்" என்று கைப்பிடியை எறிந்தான்.

"இல்ல மகன். அவன் அவன்ட பாதையிலதான் போறான். நல்லாப் பாரு."

"இல்ல வாப்பா, வந்தவன். நான் கண்ட."

"லொறிக்காரன் மேல பிழையில்ல!"

வாப்பா சத்தம் போட்டு நாங்கள் கேட்டதே இல்லை. சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போனவர் இஷாவுக்குப் பிறகும் வரவில்லை. தம்பி அழுதான். உம்மா டீ.வி.யை அணைத்துவிட்டு, அணைந்த திரையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அன்றிரவு சுவருக்கு அந்தப் பக்கம் இருவரும் பேசும் சத்தம் நெடுநேரம் கேட்டது. வாப்பாவின் குரல்தான் கூடுதலாகக் கேட்டது. காலையில் உம்மாவின் கண் சிவந்திருந்தது. ஆனால் வாப்பாவுக்குத் தேநீர் கொடுக்கும்போது, என்றைக்கும் இல்லாத விதமாக, அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.

சுபஹுக்குப் பிறகு வாப்பாவே தம்பியை எழுப்பி மெஷினைப் பூட்டச் சொன்னார். "மகன், நீ ஓட்டு. மகள், நீ லொறியை மட்டும் பாரு. இருபது லொறி எண்ணு." நான் கொப்பியும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன். இருபது லொறி எண்ணினோம். ஒன்றாவது கோட்டை விட்டு அசையவில்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் வாப்பா, லொறிக்காரன் நேராத்தான் போறான்" என்றான். வாப்பா அவன் தலையைத் தடவிவிட்டார். ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு விசாரணையா என்று எனக்குத் தோன்றியது.

விடயம் எனக்குத் தெரிய வந்தது 2003இல், என் கலியாணத்துக்கு இரண்டு நாள் முந்தி, உம்மா எனக்குத் தலைவாரிவிட்டபடி சொன்னபோது. 1993இல் வாப்பாவிடமிருந்து இரண்டு மாதம் கடிதமும் வரவில்லை, பேசிப் பதிந்து அனுப்பும் கெசட்டும் வரவில்லை. பிறகு வந்த காசும் குறைந்துபோனது. கேட்டதற்குக் கம்பனியில் கரைச்சல் என்று எழுதினார். ஊரில் அப்படிக் காசு குறைந்த வீடுகளைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே இன்னொரு குடும்பம் என்பார்கள். உம்மாவின் காதிலும் அதைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு வருடம் அதை மனதில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு ஒரு சொல் சொல்லாமல், சமைத்துப் போட்டு, அந்தப் பெட்டி திறக்கும் நாளிலும் சிரித்தபடி சேலைத் துணியை வாங்கி மடியில் வைத்திருக்கிறார் உம்மா.

நடந்தது வேறு. ரியாத் வீதியில் மணல்காற்று அடித்த ஒரு பகலில் வாப்பா லொறியின் வேகத்தைக் குறைத்துத் தன் பாதையில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த கார் அப்படியே லொறிக்கு அடியில் புகுந்துவிட்டது. ஓட்டியவன் இருபது வயது அரபிப் பொடியன். மௌத்தாகிவிட்டான். விசாரணை முடியும் வரை வாப்பா பத்தொன்பது நாள் பொலிஸில் இருந்தார். அந்தப் பொடியனின் தகப்பன் பொலிஸுக்கு வந்து, மகன் எப்போதும் வேகமாகப் போகிறவன், லொறிக்காரன் மேல் பிழையில்லை என்று தன் வாயால் சொல்லியிருக்கிறார். அந்த மனிதரின் முகத்தைத் தன்னால் மறக்க முடியவில்லை என்று வாப்பா உம்மாவிடம் சொன்னாராம். அதற்குப் பிறகு வாப்பா மெதுவாகத்தான் ஓட்டினார். ரியாத்துக்கும் தம்மாமுக்கும் இடையில் சுமார் 400 கிலோமீற்றர். மற்றவர்கள் ஐந்து மணித்தியாலத்தில் போவதற்கு இவர் ஏழு எடுத்தார். பயணத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கூலி தரும் இடத்தில் மெதுவாகப் போகிறவனுக்குப் பயணம் குறையும், காசும் குறையும். தன் மேல் பிழையில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகும் அவருடைய கால் அந்தப் பெடலை அழுத்தவில்லை. இதையெல்லாம் கடிதத்தில் எழுதினால் உம்மா பயப்படுவார் என்று எழுதவில்லை.

"அவர் அந்த கேமை வெளையாடின விதத்தைப் பார்த்தே எனக்குச் சாடையா வெளங்கின" என்றார் உம்மா. "கலியாணம் முடிச்ச புதுசுல வாகனம் ஓட்டுற கதை சொன்னா வேகமாத்தான் சொல்லுவார். இப்படி ஊர்ந்து போற மனுசன் இல்ல. என்னமோ நடந்தீக்கி எண்டு நெனச்ச. அண்டைக்கு அவர் சத்தம் போட்டவுடன கேட்டுட்ட."

கதவோரம் நின்று உம்மா பார்த்தது அதைத்தான்.

வாப்பா 1996 பெப்ரவரியில் திரும்பிப் போனார். அந்த வருடம் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். விளையாடிய இடத்தைச் சேமித்து வைக்கும் வசதி அந்த மெஷினில் இல்லை. மூன்றாம் பாதையில் போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மறுபடி முதலாம் பாதைதான். தம்பி மெதுமெதுவாக அதை விட்டுக் கிரிக்கெட்டுக்குப் போனான். மெஷின் அலுமாரிக்கு மேலே ஏறியது. பிறகு எங்கே போனதென்று தெரியாது.

2004இல் வாப்பா ஒரேயடியாக வந்துவிட்டார். சேர்த்த காசில் ஒரு த்ரீவீலர் வாங்கினார். முதல் பயணம் உம்மாவோடு மாவனல்லையிலிருந்து கண்டிக்கு. கடுகண்ணாவை ஏற்றத்தில் பின்னால் வந்த பஸ்காரர்கள் எல்லாரும் ஹோர்ன் அடித்துத் திட்டிக்கொண்டு முந்தினார்களாம். "எத்தனை மைல் வேகத்துல போன?" என்று நான் உம்மாவிடம் கேட்டேன். "வேகம் எண்டு ஒண்டு இருக்கல்ல" என்றார். இருபத்தைந்து வருடக் கலியாண வாழ்க்கையில் கணவன் ஓட்டும் வாகனத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அன்று உடுத்த சேலையை அவர் இன்னும் தனியாக மடித்து வைத்திருக்கிறார்.

2022இல் நாடு பட்ட பாடு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். ஜூனில் பெற்றோல் வரிசை நாட்கணக்கில் நின்றது. ஸ்கேன் பண்ணி த்ரீவீலருக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர் கொடுக்கும் முறை அதற்குப் பிறகுதான் வந்தது. எழுபது வயதைத் தாண்டிய வாப்பா யாருடைய பேச்சையும் கேட்காமல் த்ரீவீலரை வரிசையில் விட்டுவிட்டு அதற்குள்ளேயே இருந்தார். துணைக்கு என் மூத்த மகன் போனான். அவனுக்கு அப்போது பதினேழு வயது. மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று என்னோடு தினமும் சண்டை பிடிக்கும் வயது. பொழுது போகாமல் தன் ஃபோனில் எதையெதையோ தட்டிக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பழைய சிவப்புக் கார் கிடைத்திருக்கிறது. சும்மா அப்பாவிடம் காட்டியிருக்கிறான். வாப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இங்க தா" என்றாராம்.

ஒன்றரை நாள் இருந்திருக்கிறார்கள். இவர்களுக்கு முன்னால் எட்டு வாகனம் இருக்கும்போது செட்டில் பெற்றோல் முடிந்துவிட்டது. இரவு பத்து மணிக்கு இருவரும் த்ரீவீலரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். உம்மா வாசலில் நின்றார்.

"பெற்றோல் கெடச்சா?"

"இல்ல உம்மும்மா. அங்கயும் முடிஞ்சி, அப்பாட கேம்லயும் முடிஞ்சி" என்றான் மகன். "பத்து வாட்டி ஓட்டின. ஒரு வாட்டியாவது முழு வேகத்துல போகல்ல. நான் எவ்வளவு சொன்ன."

வாப்பா செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்டுலயும் தட்டல்ல" என்றார் உம்மாவைப் பார்த்து.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, உம்மா சோறு போட உள்ளே போனார்.